முதலியார் வீட்டுக் கிளிக்குத் தூக்கமில்லை

"கிளி நேத்து ராத்திரியும் தூங்கலை."

பாண்டுரங்க முதலியார் தீர்ப்பு வாசிப்பதுபோல் சொன்னார். கோர்ட்டு சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். மயிலாப்பூர் மாடவீதியில் அவர் இரைந்து பேசி யாரும் கேட்டதில்லை. அவர் சொன்னதை யாரும் மறுத்ததும் இல்லை.

மூர் மார்க்கெட்டில் பறவை வியாபாரம் செய்யும் அக்பர் பாஷா வரவழைக்கப்பட்டிருந்தார். அவர் கூண்டுக்குள் விரலை விட்டார். கிளி ரத்தம் வரக் கடித்தது.

"இன்னா முதலியாரே, பட்சி ஷோக்கா கீது! இதுக்கா என்னை டிராம்ல வரவெச்சீங்க?"

"நல்லாப் பாரும் பாஷா. கண்ணு செருகுது. நின்ன இடத்திலேயே தலை சாயுது."

பாஷா மறுபடியும் பார்த்தார். கிளி அவரை முறைத்தது. பிறகு அவர் முதலியாரின் முகத்தைப் பார்த்தார். எந்த முகத்தைப் பார்த்து வைத்தியம் சொல்ல வேண்டும் என்பது தெரியாமல் யாரும் மூர் மார்க்கெட்டில் கடை வைக்க முடியாது.

"ஆமா... கொஞ்சம் சோர்வாத்தான் கீது. விளக்கு வெச்சதும் கூண்டைத் துணியால போர்த்திடுங்க. பொழுது விடியங்காட்டியும் இருட்டு ரூம்ல இருக்கணும். அடுப்புப் புகை ஆவாது. பாத்திரம் உருட்டற சத்தம் ஆவவே ஆவாது."

"இருட்டுல பயந்து சிறகை அடிச்சுக்குமே?"

"அடிச்சுக்கும், அடிச்சுக்கும். தொணைக்கு ஒரு ஆள் படுத்துக்கினா நல்லது."

முதலியார் மனைவி கோவிந்தம்மாள் பக்கம் திரும்பினார். "நீ படுத்துக்கறியா?"

"நானா? கிளிக்குக் காவலா? இதுக்கா எங்க அப்பா என்னை இந்த வீட்டுக்குக் கட்டிக் குடுத்தாரு? அதோ ஒருத்தி இருக்காளே, அவ போய் இருட்டுல கெடக்கட்டும்!"

அந்த ஒருத்தி மருமகள் கற்பகம். புருஷன் ரங்கூனில் குமாஸ்தா. முந்தின நாள்தான் அடுப்படியில் சொக்கி விழுந்து மணிக்கட்டைச் சுட்டுக்கொண்டிருந்தாள். விடியுமுன் வாசல் தெளிப்பதில் தொடங்கி, ஊர் அடங்கிய பிறகு மாமியாருக்குக் கால் பிடித்துவிடுவதில் முடியும் சொகுசான வாழ்க்கையில் ஒரு பெண் எதற்காகச் சொக்க வேண்டும் என்பது கோவிந்தம்மாளுக்கு விளங்கவில்லை.

மருமகள் விஷயத்தில் ஆண்கள் வாய் திறப்பது கௌரவமான குடும்பத்துக்கு அழகல்ல. முதலியார் கற்பகத்திடம் ஒரு வார்த்தை நேராகப் பேசியது கிடையாது. அவள் பெயரை உச்சரித்ததும் கிடையாது. நல்லவேளையாக, கிளி விஷயத்தில் அப்படிப்பட்ட கட்டுப்பாடு எதையும் முன்னோர்கள் விட்டுச் செல்லவில்லை. ஆகவே அன்றே புதுச்சட்டம் அமலுக்கு வந்தது.

விளக்கு வைத்தால் வீடு கப்சிப். கூண்டு பின்கட்டு அறைக்குள் போகும், கூடவே கற்பகம் போவாள், கதவு சாத்தப்படும். இருமல் வந்தவர்கள் தெருவுக்குப் போய் இருமினார்கள். கபாலி கோயில் மணியை மட்டும் முதலியாரால் நிறுத்த முடியவில்லை. சுவாமி காரியம் என்று பெருந்தன்மையோடு விட்டுவிட்டார்.

இரவுச் சாப்பாட்டைக் கோவிந்தம்மாள் பரிமாறினாள். பாத்திரங்களையும் அவளே தேய்த்தாள், அதுவும் சத்தம் வராமல். பிடித்துவிட ஆளில்லாத கால்களை நீட்டிக்கொண்டு அவள் முணுமுணுத்தாள்.

"ஊர்ல இல்லாத கிளி! பட்டத்து ராணிகூட இப்படித் தூங்கமாட்டா."

ஆறிப்போன சோற்றை முதலியார் குறை சொல்லாமல் சாப்பிட்டார். முப்பது வருஷத்தில் அது முதல் தடவை.

"உங்களுக்குக் கிளிப் பைத்தியம் பிடிச்சிருக்குன்னு லஸ் முனையிலே சிரிக்கிறாங்களாம். நம்ம குடும்ப மானம் என்ன ஆவறது?"

சிரித்தது உண்மைதான். பழைய கோர்ட்டு நண்பர் ரங்கநாதம் நாலு பேர் எதிரில் அவரை நிறுத்திக் கேட்டார்: "சிரஸ்தாரே, கிளிக்கு மெத்தை தெச்சாச்சா?"

"பாயே போதும்" என்றார் முதலியார், முதுகு வளையாமல். அவர் தெருமுனை திரும்பும்வரை பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. குடை இல்லாமல் வெளியே போவதையே கௌரவக் குறைவாக நினைக்கிற மனிதர், ஒரு பச்சைக் கிளிக்காக இவ்வளவையும் பொறுத்துக்கொண்டார்.

கோவிந்தம்மாளால் பொறுக்க முடியவில்லை.

ஒருநாள் விளக்கு வைக்கிற நேரம். முதலியார் கோயிலிலிருந்து திரும்பியபோது அவள் கூடத்தின் நடுவில் கூண்டோடு நின்றிருந்தாள். கூண்டின் கதவு திறந்திருந்தது. உள்ளே பாதி கடித்த கோவைப்பழம் மட்டும் கிடந்தது.

"கிளி போயிடுச்சுங்க. பாவம், கூண்டைத் துடைச்சு வெப்போமேன்னு கொல்லையிலே திறந்தேன். பறந்துடுச்சு."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கோவிந்தம்மாள் தானாக முன்வந்து துடைத்த முதல் பொருள் அந்தக் கூண்டுதான்.

"போனது போகட்டும், எல்லாம் நல்லதுக்குத்தான். பாய் விரிக்கப் போனவ அப்படியே சாஞ்சுட்டா, பாருங்க! கிளியே இல்லை, இனிமே எதுக்குக் காவல்? எழுந்து வந்து பாத்திரத்தைத் தேய்க்கட்டும். எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு." அவள் பின்கட்டுப் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினாள். "அடியே! ஏ கற்பகம்..."

முதலியார் அவள் கையிலிருந்த கூண்டை வாங்கினார். உள்ளே ஒருமுறை பார்த்தார். அதன் கதவைச் சாத்திக் கொக்கியை மாட்டினார். தோளிலிருந்த ஜரிகை அங்கவஸ்திரத்தை எடுத்து, நாலு பக்கமும் சரியாக விழும்படி அதன்மேல் போர்த்தினார்.

"மெதுவாப் பேசு" என்றார். "கிளி தூங்குது."