மறைத்து அடித்த பாஸ்வேர்ட்

"ஸ்குரூ டிரைவரைக் கீழே வை. நான் சொன்னப்புறம் தொட்டாப் போதும்."

மேலாளர் நாற்காலியை இழுத்து அவனுக்குப் பின்னாலேயே போட்டு உட்கார்ந்தார். டெக்னீஷியன் ஸ்குரூ டிரைவரை மேசைமேல் வைத்தான். அதன் முனை மேலாளரின் பக்கம் திரும்பியிருந்தது.

ஏழு மாதத்துக்கு முன் இதே அறையில்தான், அத்தனை பேர் பார்க்க, அவனுடைய சாப்பாட்டுப் பையை அவர் தலைகீழாகக் கொட்டினார். கம்ப்யூட்டருக்குள் செருகும் மெமரி அட்டை நாலு, அலமாரியிலிருந்து காணாமல் போயிருந்தது. சாவி அவனிடம் இருந்தது, அது போதும் அவருக்கு. திருடன் என்று எழுதிக் கொடுத்து வெளியே அனுப்பினார்.

பிறகு எந்தக் கம்பெனியும் அவனை எடுக்கவில்லை. ஒரு சர்வீஸ் கடையில் ஒட்டிக்கொண்டான். வீட்டுக்கு வரும் மச்சினன்கூட, இவன் பக்கத்தில் உட்கார்ந்தால் மேசைமேல் கிடக்கும் செல்போனை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொள்கிறான்.

இந்த வரைபட அலுவலகத்திலிருந்து கடைக்கு அழைப்பு வந்தபோது, "நான் போறேன்" என்று முந்திக்கொண்டது அவன்தான்.

"உங்க கடையில வேற ஆளே இல்லையா?"

"எல்லாரும் வெளி வேலைக்குப் போயிருக்காங்க, சார்."

"போகும்போது பையைக் காட்டிட்டுத்தான் போகணும்."

"நீங்களே கொட்டிப் பாருங்க, சார். பழக்கம்தானே."

வரைபடம் போடும் பெண் தன் இடத்திலிருந்தே சொன்னாள். "ஒரு நாளைக்கு நாலு தடவை நீலத் திரை வந்து நின்னுடுதுண்ணா. வரைஞ்சது அத்தனையும் போச்சு. மத்த நேரத்துலயும் நத்தை மாதிரிதான் ஓடுது."

"நீ உன் வேலையைப் பாரும்மா," என்றார் மேலாளர்.

டெக்னீஷியன் இரண்டு திருகுகளைக் கழற்றி அவளுடைய கம்ப்யூட்டரின் மூடியைத் திறந்தான். ஒரு நிமிடம் உள்ளே பார்த்தான். எதையும் தொடாமல் மூடிவிட்டான்.

"என்ன பார்த்தே?"

"தூசி இருக்கான்னு பார்த்தேன், சார். சுத்தமா இருக்கு."

"இருக்காம? இப்போ எல்லாத்தையும் நான்தான் திறந்து துடைக்கிறேன். வேற எவனையும் கை வைக்க விடறதில்ல. பட்டது போதும்."

அவன் தலையாட்டிவிட்டுத் திரைக்குத் திரும்பினான். மெஷின் நின்றுபோன நேரங்களின் பட்டியலை மேலிருந்து கீழே படித்தான். கால் மணி நேரம் கழித்து நிமிர்ந்தான்.

"கண்காணிப்பு சாஃப்ட்வேர்தான் சார் காரணம். தலைமை ஆபீஸ் போட்டது. ஃபேன் ஓடுதா, சூடு எவ்வளவு, உள்ளே என்னென்ன பாகம் இருக்குன்னு பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் குறிச்சு, அந்த மூலையில தகவலைச் சேத்து வைக்கற ஸ்டோரேஜ் பெட்டிக்கு நெட்வொர்க் வழியா அனுப்பணும். அங்கேருந்துதான் தலைமை ஆபீஸுக்கு ரிப்போர்ட் போகும். ஸ்டோரேஜ் பாஸ்வேர்டை மாத்தினீங்களா?"

"நீ வெளியே போன அன்னிக்கே மாத்திட்டேன். திருடனுக்குத் தெரிஞ்ச பூட்டை எவனாவது வச்சுக்குவானா?"

"சாஃப்ட்வேருக்குப் புது பாஸ்வேர்டை யாரும் சொல்லல. ஏழு மாசமா கதவைத் தட்டிட்டு நிக்குது. அனுப்ப வேண்டியதெல்லாம் மெஷினுக்குள்ளேயே குவிஞ்சு, மூச்சு முட்டி விழுது."

மேலாளரின் முகம் தெளிந்தது. "அதான் ரிப்போர்ட் வரலைன்னு தலைமை ஆபீஸ்காரன் என் பிராணனை வாங்கறானா?"

"அதேதான். புது பாஸ்வேர்ட் கொடுத்தா சரியாயிடும். குவிஞ்சு கிடக்கற பழசை அழிச்சிடவா, சார்?"

மேலாளர் எழுந்தே விட்டார். "அழிக்கறதா? எதுக்கு? எதைய்யா மூடி மறைக்கப் பார்க்கறே?"

"எனக்கென்ன சார், வேலை சீக்கிரம் முடியும்னு சொன்னேன்."

"ஒரு எழுத்து அழியக் கூடாது. அவ்வளவையும் அனுப்பு. என் கண் முன்னாடி அனுப்பு."

"உங்க இஷ்டம். பாஸ்வேர்ட் சொல்லுங்க."

"உன்கிட்டயா? தள்ளு."

இடது கையால் கீபோர்டை மறைத்துக்கொண்டு அவரே அடித்தார். அவன் மரியாதையாக முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

பதினான்கு கம்ப்யூட்டர்களிலும் அப்படியே அவரே மறைத்து மறைத்து அடித்தார். பின்னாலேயே போன அவன், ஒவ்வொரு திரையிலும் எதையோ பார்த்துவிட்டுத் தாளில் கோடு போட்டுக்கொண்டான். மூலையில் ஸ்டோரேஜ் பெட்டியின் விளக்குகள் ஓயாமல் மின்னின.

ஒரு மணி நேரம் போயிற்று. ஒரு மெஷின்கூட விழவில்லை. விளக்குகள் அடங்கியதும் அவன் படிவத்தை நீட்ட, வேலை திருப்தி என்ற இடத்தில் மேலாளர் பெரிதாகக் கையெழுத்துப் போட்டார்.

பிறகு அவன் பையை வாங்கி மேசைமேல் கொட்டினார். துணி, தண்ணீர் பாட்டில், கொஞ்சம் திருகுகள்.

"பரவாயில்லையே! திருடனுக்கும் ஒருநாள் புத்தி வருது."

யாரோ சிரித்தார்கள். அவன் திருகுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பைக்குள் போட்டான்.

தொலைபேசி அடித்தது. எடுத்த வரைபடப் பெண் கையால் அதைப் பொத்திக்கொண்டாள். "சார், தலைமை ஆபீஸ். எல்லா ரிப்போர்ட்டும் வந்துடுச்சாம். உங்ககிட்ட உடனே பேசணுமாம்."

"பாராட்டத்தான் இருக்கும்." மேலாளர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கையை நீட்டினார். "என்ன விஷயம்னு சொன்னாங்களா?"

அவள் உதட்டைப் பிதுக்கினாள். வாசல்வரை போயிருந்த டெக்னீஷியன் திரும்பிப் பார்த்தான்.

"நான் போனதுக்கு அப்புறம் இந்த மெஷின்களுக்குள்ளேருந்து காணாமப் போன பதினோரு மெமரி அட்டையைப் பத்தி, சார்."