ஆளில்லாத பெட்டி

அவர் தூபக்கலசத்தை ஆட்டிக்கொண்டே நின்றார். நிறுத்தினால் கரி செத்துவிடும்.

எதிரே சவப்பெட்டி. மேலே கறுப்புத் துணி. பக்கத்துக்கு மூன்றாக ஆறு மெழுகுதிரி.

உள்ளே ஆள் இல்லை.

மூடிக்கிடந்த ஐஸ் பேக்டரி அது. லத்தீன் பூசைக்கு ஊர்க்கோயிலில் இடம் கிடையாது என்று பங்குச்சாமியார் சொல்லிவிட்டார். அந்தப் பூசைதான் வேண்டும் என்று வந்த இவர்கள் இதை வாடகைக்குப் பிடித்தார்கள். ஐஸ் உடைத்த மேடைதான் பீடம். சுவரில் இன்னும் அமோனியா நாற்றம்.

எல்லாம் சின்ன வயசுக்காரர்கள். படித்தவர்கள், வெளியூர்க்காரர்கள். பெண்கள் தலையில் கறுப்பு வலைத்துணி. இவர்கள் பிறக்குமுன்பே கோயிலை விட்டு லத்தீன் போய்விட்டது. எதைத் தேடி வந்திருக்கிறார்கள் என்று அவருக்கு விளங்கவில்லை. விளங்காத எதையும் அவர் நம்புவதும் இல்லை.

ஆனால் பூசையில் பதில் சொல்ல ஆள் வேண்டுமே. பழைய பதில் வாயில் இருக்கிற ஆள் இந்தக் கரையில் அவர் ஒருத்தர்தான் மிச்சம். ஒன்பது வயதில் பிரம்படியோடு ஏறியது. பொருள் தெரியாது. அடி தெரியும்.

வேண்டாம் என்றுதான் சொன்னார்.

அவர் பெண்டாட்டி சலேத்தம்மாள்தான் விடவில்லை. உடம்பு கிடைக்காதவனுக்கும் பழைய முறையில் வெறும் பெட்டி வைத்து அடக்கப் பூசை உண்டு என்று இவர்கள் சொல்லிவிட்டார்கள். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

அவர்கள் மகன் கிளீட்டஸ் கடலுக்குப் போய் எட்டு வருடம்.

எட்டு வருடமும் அவனைச் செத்தவன் என்று எழுத அவர் விடவில்லை. தாசில்தார் ஆபீஸ் தாளில் கையெழுத்துப் போடவில்லை. மரித்தோர் திருநாளில் கல்லறைப் பக்கம் போகவில்லை. எங்கேயாவது கரை ஒதுங்கியிருப்பான், பாஷை தெரியாத ஊரில் கிடப்பான் என்பார். ஊர் தலையாட்டும். பிள்ளைப் பாசம் என்று நினைத்துக்கொள்ளும்.

பாசம் பாதிதான்.

அன்று மதியம் வானம் கறுத்துக் கிடந்தது. மற்ற கட்டுமரமெல்லாம் கரையேறிவிட்டன. இன்றைக்கு வேண்டாம் அப்பா என்றான் கிளீட்டஸ்.

“மானத்தப் பாத்து நடுங்குறவனுக்கு மீச எதுக்குல? போ, போ.”

கரையில் அவர்கள் இரண்டு பேர்தான். அவன் மறந்து வைத்த தண்ணீர்க் கேனுக்காக வீடு வரைக்கும் ஓடினான். அம்மா எடுத்துக் கொடுக்க வாங்கி வந்தான். ஒற்றையாளாகக் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போனான்.

அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சாமியார் காதில் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில்கூட.

இவர்கள் கூட்டி வந்த சாமியார் பெட்டியைச் சுற்றித் தீர்த்தம் தெளித்தார். தூபக்கலசத்தை வாங்கி இன்னொரு சுற்று வந்தார். முப்பது வயது இருக்காது. புத்தகத்தைப் பார்த்துத் தடவித் தடவிப் படித்தார். சாமியார் நிறுத்திய இடத்தில் எல்லாம் அவர் வாயிலிருந்து பதில் தானாக விழுந்தது. பொருள் தெரியாத வார்த்தைக்குப் பாரம் கிடையாது.

கடைசி வரி வந்தது.

“ரெக்வியெஸ்காத் இன் பாச்சே.”

இதற்கு மட்டும் பொருள் தெரியும். நேற்று ஒரு பெண் தமிழில் வாசித்துக் காட்டினாள். இவன் சாந்தியில் இளைப்பாறக்கடவான்.

பதில் ஒரே சொல். ஆமென்.

அதற்கு யாரும் பொருள் சொல்ல வேண்டியதில்லை.

அவர் வாயைத் திறக்கவில்லை.

சாமியார் காத்திருந்தார். இந்த முறையில் கூட்டம் பேசாது. உதவிக்கு நிற்கிறவன்தான் எல்லாருக்குமாகச் சொல்ல வேண்டும். சாமியார் மறுபடி படித்தார். மெழுகு தரையில் சொட்டியது. செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தவன் கையைத் தாழ்த்தினான்.

ஆமென் என்றால் அவன் செத்தவன்.

அவன் செத்தவன் என்றால், அனுப்பினவன் ஒருத்தன் இருக்கிறான்.

முதல் வரிசையிலிருந்து சலேத்தம்மாள் எழுந்தாள். பெட்டி வரைக்கும் வந்தாள். கறுப்புத் துணியில் ஒரு சுருக்கம் இருந்தது. அதை நீவிவிட்டாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. குரலும் உயரவில்லை.

“அன்னைக்கு அவனப் போ போன்னு சொன்னீர்லா. இன்னைக்கும் நீரே சொல்லும்.”

எட்டு வருடமாக அவருக்குச் சோறு போட்ட கை, பெட்டிமேலேயே இருந்தது.