வெட்டாத பக்கங்கள்

அந்த ஆண்டு படித்த புத்தகங்கள் என்று வைகுந்தன் ஃபேஸ்புக்கில் போட்ட பட்டியலில் எட்வினின் நாவல்தான் முதலில் இருந்தது. இரண்டு முறை படித்ததாகவும் எழுதியிருந்தான். நன்றி சொல்ல எட்வின் வீட்டுக்கே வந்துவிட்டார். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்று அலமாரியிலிருந்து நாவலைத் தானே எடுத்துப் புரட்டினார். முதல் அத்தியாயம் முடியுமுன்பே விரல் நின்றது. அதற்குமேல் தாள்கள் வெட்டப்படாமல் மடிப்போடு ஒட்டியே இருந்தன.

“அம்மா, ஒரு கத்தி கிடைக்குமா?” என்று எட்வின் உள்ளே பார்த்துக் கேட்டார்.

“பழம்னா நானே நறுக்கித் தரேனே சார்,” என்றபடி வைகுந்தனின் மனைவி மங்கை கத்தியோடு வந்தாள்.

எட்வின் புத்தகத்தை மடியில் வைத்து ஒவ்வொரு மடிப்பாகக் கீறத் தொடங்கினார். “பைண்டிங்ல வெட்டாம விட்டுட்டானுங்க தம்பி. உள்ள எட்டி எட்டிப் பாத்துதான் படிச்சிருப்பீங்க. அதுவும் ரெண்டு தடவ.”

அவர் குரலில் கேலி இருக்கிறதா என்று வைகுந்தனுக்குப் பிடிபடவில்லை. இருந்தால் தேவலை என்றிருந்தது. மங்கை அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அதெல்லாம் ஒரு சிரமமும் இல்ல சார்,” என்றான்.

எட்வின் தலையாட்டினார். காகிதத் துகள்கள் அவர் வேட்டியில் உதிர்ந்துகொண்டிருந்தன. இன்னும் முக்கால் புத்தகம் மிச்சமிருந்தது.