ராடாருக்கு ஏற்ற மலை

“இந்த மலையில ராடார் வைக்கச் சொல்லி மனுப் போட்ட மூளைசாலி ஆரப்பா?”

மூச்சு இரைக்கக் கேட்டார் பொறியியலாளர் தர்மராசா. மழைமேகம் பார்க்கும் ராடாருக்கு இடம் தேடி, கொழும்பிலிருந்து மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றுக்கு வந்திருந்தார்.

“நாங்க தோட்டத்து லயத்து வீட்டு சனந்தாங்கய்யா.” வழிகாட்ட வந்த தோட்டக் காவலாளி கணபதியின் கண் கீழே பாதையிலேயே கிடந்தது.

“அங்க என்ன பார்வை?”

“மகளுக்குப் பிரசவ வலிங்க. அம்புலன்சுக்குச் சொல்லியிருக்கு. போன தடவ பாதி ரோட்டுலயே வண்டி நின்னுருச்சு. மூத்த பேரப்புள்ள தங்கலீங்க.”

“ரோட்டுக்கு என்ன குறை? நான் ஜீப்பில நித்திரை கொண்டெல்லோ வந்தனான்!”

தர்மராசா கைப்பேசியைத் தட்டினார்.

“உயரம் ஆயிரத்து நானூறு மீற்றர். அதின்ர வர்க்கமூலம் முப்பத்தேழு சொச்சம். நாலு சொச்சத்தால பெருக்கினா நூற்றைம்பத்துநாலு கிலோமீற்றர். பூமி உருண்டைதான், ஆனா ராடார் அலை கொஞ்சம் வளைஞ்சு போகும். கண்ணுக்கு எட்டாத கடலும் அதுக்குத் தெரியும்.”

“அப்ப வச்சிரலாங்களா?”

“எங்க வைக்கிறது? அது மறைப்பில்லாத இடத்துக்குச் சொன்ன கணக்கு. இஞ்ச முன்னால மதில் மாதிரி மலை நிக்குது! பதினைஞ்சு கிலோமீற்றரோட பார்வை முடிஞ்சுது. எழுத முதல் படிச்ச ஆக்களிட்ட ஒரு சொல்லுக் கேட்கக் கூடாதோ?”

“மலங்காட்டு சனத்துக்கு என்னங்கய்யா தெரியும்.”

தர்மராசாவுக்கு உச்சி குளிர்ந்தது. கோப்பைப் பிரித்து, ‘பொருத்தமற்ற இடம்’ என்று கொட்டை எழுத்தில் எழுதினார்.

அப்போது கீழே சங்கொலி கேட்டது. அம்புலன்ஸ் ஒரு குலுக்கலுமில்லாமல் லயத்து வாசல்வரை வந்து, மகளை ஏற்றிக்கொண்டு வழுக்கினாற்போல் இறங்கிப் போயிற்று. கணபதி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் காலைத் தொடக் குனிந்தார்.

“ஐயா பெரிய புண்ணியம் பண்ணிட்டீங்க.”

“நான் என்னப்பா செய்தனான்? இந்த மலை ஒண்டுக்கும் உதவாது எண்டுதானே எழுதினனான்!”

“அது போதுங்கய்யா. நாங்க மனுவுல நல்ல மலையா எழுதிக் குடுத்தா ஒரே வரவுல ஒங்க வேல முடிஞ்சுரும். இப்புடி மறைப்பு இருக்குற மலையாத் தேடி எழுதுனாத்தான் வருசத்துக்கு ஒரு ஐயா வருவீங்க. ஐயா ஒருத்தர் வாறீங்கன்னாத்தான் எங்க தோட்டத்துத் தொர ரோட்டுக்குக் கல்லும் தாரும் போடுவாரு.”