விளக்குப் பிடித்த யானை

மருத்துவமனைச் சுவரின் வெளிச்சப் பலகையில் எக்ஸ்ரே படம் தொங்குகிறது. நான்கு வயது ரியாவின் தொண்டைக்குச் சற்றுக் கீழே, நிலா மாதிரி ஒரு வெள்ளை வட்டம். அப்பா ஜாய்சனுக்கு அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. "என்ன காயின் சார்?" என்கிறார் டாக்டர். "ரெண்டு ரூபா டாக்டர். ரயில்வேக்கு நூத்தம்பது வருஷம் ஆனப்ப விட்டது. ரயில் கார்டு மாதிரி ஒரு யானை, கையில விளக்கு புடிச்சிக்கினு..." விருந்தாளிகளுக்குத் தன் நாணய ஆல்பத்தைப் புரட்டிக் காட்டும் அதே குரல். மனைவி குளோரியாவின் பார்வை பட்டதும் நிறுத்திக்கொள்கிறான். யானைக்கு முத்தம் தரவேண்டும் என்று குழந்தை அடம்பிடித்தபோது, பிளாஸ்டிக் உறையைப் பிரித்து நாணயத்தை அவள் கையில் கொடுத்தவன் அவன்தான். "சைஸைத்தான் கேட்டேன்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு டாக்டர் ரியா படுத்திருக்கும் அறைக்குள் போகிறார். கதவு சாத்திக்கொள்கிறது. வெளியே பெங்களூர் பிரேசர் டவுன் தெருவில் ஆட்டோக்கள் ஓயாமல் ஹாரன் அடிக்கின்றன. குளோரியாவின் தோளில் குழந்தை வடித்த எச்சில் இன்னும் காயவில்லை. ஜெபமாலையைப் பற்றிய அவள் விரல்கள் ஒரே மணியில் நின்றுவிட்டன. "குளோரி..." என்கிறான். "பேசாதீங்க." உள்ளே ஸ்டீல் தட்டில் ணங்கென்று ஏதோ விழுகிறது. பிறகு சத்தமே இல்லை. இருவரும் கதவையே பார்க்கிறார்கள். வெகுநேரம் கழித்து, கரகரத்த, கோபமான அழுகை ஒன்று எழுகிறது. ஜாய்சன் சுவரைப் பிடித்துக்கொள்கிறான். "ஆய்த்து மேடம், எடுத்தாச்சு" என்று நர்ஸ் வந்து, பஞ்சில் சுற்றிய நாணயத்தை அவனிடம் நீட்டுகிறாள். அவன் கை எழவில்லை. குளோரியா அதை வாங்கி அவன் சட்டைப் பையில் போடுகிறாள். அவன் முகத்தைப் பார்க்காமல், அழுகை வரும் அறைக்குள் போகிறாள்.