மூன்றாம் மாடி மூட்டை

பிளாக்செயின் என்ற அழிக்க முடியாத கணக்குச் சங்கிலி வந்துவிட்டால் யாரும் எதையும் ஒளிக்க முடியாது என்று படித்தவர்களிடையேகூட ஒரு நம்பிக்கை இருக்கிறது. தவறு. மிகவும் வருந்தத்தக்க தவறு.

ஒரு குடியிருப்பின் ஒவ்வொரு குழாயும் தான் விட்ட ஒவ்வொரு சொட்டையும் நேரே சங்கிலியில் எழுதப் புகுந்தால், சங்கிலிக்கு மூச்சு முட்டிவிடும். ஆகவே குழாய்களில் பொருத்திய சென்சார்கள் சொல்வதையெல்லாம் வாரத்துக்கு ஒருமுறை மாடிவாரியாக மூட்டை கட்டி, மொத்தக் கணக்கை மட்டும் சங்கிலியில் ஏற்றுவார்கள். எந்த வீடு எவ்வளவு என்பது மூட்டைக்குள்ளேயே கிடக்கும். அன்று மாலைக்குள் யாரும் ஆட்சேபிக்காவிட்டால் மூட்டை உண்மையென்று ஆகிவிடும். ஆட்சேபித்தால் பிரிப்பார்கள்.

மூன்றாம் மாடி மூட்டை சில வாரங்களாகச் சங்கம் விதித்த அளவை மீறிக்கொண்டிருந்தது.

குடியிருப்போர் சங்கச் செயலாளரும் அதே மாடிதான். அங்கே நான்கு வீடுகள். அவர் வீட்டில் அவரும் மனைவியும் மட்டும். விமானப் பணிப்பெண்ணின் வீடு பெரும்பாலும் பூட்டியே இருக்கும். பல் டாக்டர் தனி ஆள். வீட்டுக்கு வருவதே தூங்கத்தான். மிச்சம் எதிர் வீடு. அங்கே கைக்குழந்தைகள், இரட்டை.

“இதுக்குத் துப்பறியறவன் வேற வேணுமா? அவங்க பால்கனியைப் பாரு. கொடி முழுக்கக் குழந்தைத் துணி” என்றார் செயலாளர், மனைவியிடம்.

ஏற்கெனவே ஒருமுறை லிஃப்டில் அந்த இரட்டையரின் அம்மாவிடம், தண்ணீரைப் பார்த்துச் செலவு செய்யும்படியும், இது அருவி இல்லை என்றும் சொல்லியிருந்தார். அந்தப் பெண் தலையாட்டினாள். மூட்டை மட்டும் இளைக்கவில்லை. தலையாட்டியதே சந்தேகத்துக்கு இடமாகப் பட்டது அவருக்கு.

பல் டாக்டரும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார். தான் ஒருநாள் விடுப்பில் இருந்தபோது சுவரில் காதை வைத்துக் கேட்டதாகவும், காலையெல்லாம் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்ததாகவும் சாட்சி சொன்னார். எந்தச் சுவர் என்று யாரும் கேட்கவில்லை.

“அவங்க வீட்டு மெஷின் சத்தமே கேக்கறதில்லையே, கவனிச்சீங்களா?” என்றாள் மனைவி.

“சத்தமில்லாத மெஷினா பார்த்து வாங்கியிருப்பாங்க. விவரமானவங்க.”

சங்கத்தின் விதியை எழுதியவரும் செயலாளரே. அளவை மீறியது எந்த வீடு என்று மூட்டையைப் பிரித்துத் தெரிந்துவிட்டால், அந்த வீட்டின் வால்வு ஒரு வாரத்துக்குத் தானாக மூடிக்கொள்ளும். கெஞ்சல், மன்னிப்பு, சிபாரிசு மூன்றும் செல்லாது. விதி சங்கிலியில் ஏறிவிட்டதால், எழுதியவரே நினைத்தாலும் திருத்த முடியாது. இந்தக் கடைசி அம்சத்தில் அவருக்குத் தனிப் பெருமை.

“ஒரு வாரம் தண்ணி இல்லாம ரெண்டு பச்சைக் குழந்தையை வெச்சுக்கிட்டு அந்தப் பொண்ணு என்ன பண்ணுவா?” என்று மனைவி கேட்டாள்.

“திருடுறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்.”

“பிரிச்சுத்தான் ஆகணுமா?”

“ஏன், உனக்கென்ன வந்தது?”

அவள் உள்ளே போய் வாளி, குடம், அண்டா, குக்கர் என்று வீட்டிலிருந்த பாத்திரங்களிலெல்லாம் தண்ணீர் பிடித்து நிரப்பத் தொடங்கினாள். எதிர் வீட்டுக்குக் கள்ளத்தனமாகக் கொடுக்கப்போகிறாள் என்று செயலாளர் ஊகித்துக்கொண்டார். இளகிய மனசுக்காரி, என்ன செய்வது.

செயலாளர் ஆட்சேபித்திருந்ததால், அன்று மாலை சங்க அறையில் கூடினார்கள். இரட்டையரின் அம்மா தோளில் ஒன்றும் தள்ளுவண்டியில் ஒன்றுமாக வந்து, கதவோரம் நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. செயலாளர் அதையும் கவனித்துக்கொண்டார்.

சென்சார்களைப் பராமரிக்கும் பெண் பொறியாளர் ஒருமுறைக்கு இருமுறை எச்சரித்தார். “பிரிச்சா அப்புறம் கட்ட முடியாது சார். வால்வும் அதுவா மூடிக்கும். என்னால நிறுத்த முடியாது.”

“அதுக்காகத்தானே இதை வெச்சிருக்கோம். பிரிங்க.”

பிரித்தார். சுவரில் இருந்த திரையில் நான்கு வீடுகளும் குழாய் குழாயாக விரிந்தன.

பூட்டிய வீடு, பூச்சியம். பல் டாக்டர், சொற்பம். எதிர் வீடு, பல் டாக்டருக்கு ஒரு பிடி மேல். அங்கே துணி துவைக்கும் மெஷின் குழாய் அந்த வாரம் முழுக்கத் திறக்கப்படவே இல்லை.

மீதியெல்லாம் செயலாளர் வீடு. அதிலும் பெரும்பகுதி மெஷின் குழாய். தினமும் அவர் ஆபீசுக்குப் போன பிறகு.

செயலாளர் மனைவி பக்கம் திரும்பினார். “வீட்ல இருக்கிறது ரெண்டு பேர். அப்படி யார் துணியைத் துவைக்கிற?”

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவோரத்திலிருந்துதான் பதில் வந்தது.

“நான் வேண்டாம்னுதான் சொன்னேன் சார். நீங்க லிஃப்ட்ல சொன்னதுலேர்ந்து பயந்துக்கிட்டு எல்லாத்தையும் கையாலயே துவைச்சேன். அக்கா பார்த்துட்டாங்க. நீங்க கிளம்பினதும் அவங்களே வந்து கூடையைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க.”

பல் டாக்டர், தான் காது வைத்தது செயலாளர் வீட்டுச் சுவரில் என்பதை அப்போதுதான் நினைவுக்குக் கொண்டுவந்தார். அதைச் சொல்லாமல் விட்டார்.

செயலாளர் வீட்டு வால்வு மூடிக்கொண்டது.

அந்த வாரம் முழுவதும் செயலாளர் காலையில் தோளில் துண்டோடு எதிர் வீட்டில் போய்க் குளித்துவிட்டு வந்தார். மூன்றாம் மாடி மூட்டை வழக்கம்போல் அளவை மீறியது. மாலை வரை ஆட்சேபணை எதுவும் வரவில்லை.