தலையணை உறைகள்

சிலி நாட்டு வால்பராய்சோவில் அந்த மேட்டுத் தெருவுக்கே எல்பாதான் தையற்காரி. ஆனால் தெரு புகழ்ந்தது பக்கத்து வீட்டு நிடியாவை. நிடியா தன் ஆறு வயது மகள் அயெலென் வரைந்த படங்களைக் கார்பன் தாள் வைத்துத் துணிக்கு இறக்கி, கலர் நூல் ஓட்டித் தலையணை உறை தைப்பாள்.

"தையலா இது? கோழி கிண்டின மாதிரி இருக்கு," என்று எல்பா சிரிப்பாள். வயிறு எரியும். அந்தப் படங்கள் தன் கைக்கல்லவா வந்திருக்க வேண்டும்?

திங்கட்கிழமை நிடியா காட்டிய உறையில் ஒரு பெண் இருந்தாள். கழுத்தில் இஞ்சு டேப் தொங்கியது.

"என்னையா வரைஞ்சிருக்கா?"

"தெரியலக்கா. அம்மான்னு சொன்னா."

எல்பா அன்று முழுக்க மெஷினை மிதித்தபடி அதையே நினைத்திருந்தாள்.

வியாழக்கிழமை காலை, தனியாக வசிக்கும் எல்பா ரொட்டி வாங்கி வீட்டுக்குத் திரும்பியபோது மேசையில் இரண்டு கோப்பைகள் இருந்தன. மெஷினுக்கு அடியில் உட்கார்ந்து அயெலென் வரைந்துகொண்டிருந்தாள். குழந்தையின் செருப்பு, சீப்பு, பள்ளிச் சீருடை எல்லாம், எப்போதும் அங்கேயே இருந்தவை போல, எல்பாவின் வீட்டுக்குள் இருந்தன. எல்பா யாரையும் கூப்பிடவில்லை. படத்தை எடுத்து, பொடித் தையலில் ஓர் உறை தைத்தாள்.

சாயங்காலம் நிடியா வந்து உறையைத் தடவிப் பார்த்தாள்.

"உங்க பொண்ணு என்னமா வரையறா. கொடுத்து வெச்சவங்க நீங்க. எனக்கும் ஒண்ணு இருந்திருந்தா நானும் தைச்சிருப்பேன்."

அந்தப் பார்வை எல்பாவுக்கு நன்றாகத் தெரிந்த பார்வை.

"உனக்குத் தைக்க எங்க தெரியும்?" என்றாள்.

அயெலென் நிமிரவில்லை. தாளில் பக்கத்து வீட்டை வரைந்து முடித்திருந்தாள். கூரை இருந்தது, ஜன்னலில் நிடியா இருந்தாள். கதவை மட்டும் வரையவில்லை.